34 கோடி கட்டிய பிறகும் கதவு திறக்காதது ஏன்? வளைகுடாச் சிறையிலிருந்து ஒருவரை மீட்கும் வழி

கோழிக்கோடு பக்கம் பெரோக்கைச் சேர்ந்த அப்துல் ரஹீமுக்காக 2024 ஏப்ரலில் உலகெங்கும் உள்ள மலையாளிகள் 34 கோடி ரூபாய் திரட்டினார்கள். சவூதி அரேபியாவில் மரண தண்டனை பெற்று ஏறக்குறைய 18 ஆண்டு சிறையில் இருந்தவர் அவர். இறந்துபோன சிறுவனின் குடும்பம் கேட்ட ஒன்றரைக் கோடி ரியால் கட்டப்பட்டது. 2024 ஜூலை 2 அன்று ரியாத் நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்தது.

இனி ஊருக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. வழக்கு பத்துத் தடவைக்கு மேல் தள்ளிப்போனது. 2025 மே மாதம் 20 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. கழித்த காலம் போக மிச்சம் 2026 வரை.

பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்களா என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பணத்தால் எதை வாங்க முடியும், எதை வாங்க முடியாது என்பது முன்பே யாரும் விளக்கிச் சொல்லாததால் வந்த குழப்பம் அது. 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்குப்படி வெளிநாட்டுச் சிறைகளில் 10,152 இந்தியர்கள் இருந்தார்கள். சவூதியில் 2,633 பேர், ஐக்கிய அரபு அமீரகத்தில் 2,518 பேர். மரண தண்டனை பெற்றவர்கள் மட்டும் 49 பேர். இத்தனை குடும்பங்களும் இதே குழப்பத்தில்தான் அலைகின்றன.

ஒரு மரணம், இரண்டு உரிமை

ரஹீம் 2006இல் வீட்டு ஓட்டுநராகப் போனவர். கை கால் அசையாத, கழுத்தில் பொருத்திய கருவியின் துணையோடு வாழ்ந்த ஒரு சிறுவனைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. காரில் போகும்போது நடந்த தகராறில் தன் கை தெரியாமல் அந்தக் கருவியில் பட்டுவிட்டது என்பது அவர் தரப்பு. சிறுவன் இறந்தான்.

இப்படி ஒரு சாவு நடந்தால் சவூதியில் ஒரே கோப்புக்குள் இரண்டு வழக்கு ஓடும்.

1. தனி உரிமை. அரபியில் ஹக்குல் காஸ். இது இறந்தவரின் வாரிசுகளுக்குச் சொந்தம். உயிருக்கு உயிர் கேட்கலாம், அதன் பெயர் கிசாஸ். பணம் வாங்கிக்கொண்டு விடலாம், அது தியா. ஒரு காசும் வாங்காமல் மன்னிக்கவும் செய்யலாம். கிசாஸ் தீர்ப்பை மன்னரே நினைத்தாலும் மன்னிக்க முடியாது. வாரிசுகள்தான் மன்னிக்க வேண்டும்.

2. பொது உரிமை. ஹக்குல் ஆம். இது அரசுக்குச் சொந்தம். வாரிசுகள் விட்டுக்கொடுத்தாலும், நடந்தது குற்றம் என்பதால் அரசு தன் பங்குக்குத் தண்டனை கேட்கும். எத்தனை ஆண்டு என்பது நீதிபதியின் முடிவு.

34 கோடி ரூபாய் மூடியது முதல் வழக்கை மட்டும். உயிர் தப்பியது அதனால்தான். இரண்டாவது வழக்கு அதற்குப் பிறகுதான் விசாரணைக்கே வந்தது. பழைய கோப்புகள் வந்து சேர வேண்டும், அரசு வழக்கறிஞர் தன் கோரிக்கையை வைக்க வேண்டும், நீதிபதி படிக்க வேண்டும். ஒவ்வொரு ஒத்திவைப்பின்போதும் பெரோக்கில் ஒரு தாய்க்கு என்ன நடந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அந்த ஒத்திவைப்புகளுக்கும் பணம் போய்ச் சேர்ந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

தண்டனைக் காலத்தில் ஒரு நுட்பமும் உண்டு. இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான். தண்டனை ஹிஜ்ரி கணக்கில் எண்ணப்பட்டால் 20 ஆண்டு என்பது நம் நாட்காட்டியில் 19 ஆண்டும் சுமார் 5 மாதமும். ஏழு மாதம் குறைகிறது. தீர்ப்பு நகலில் எந்த நாட்காட்டி, எந்தத் தேதியிலிருந்து எண்ணிக்கை என்பதை வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தியா எவ்வளவு? யார் தீர்மானிப்பது?

அரசு வைத்த தொகை ஒன்று, பேரம் பேசி முடிவாகும் தொகை வேறொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் அடுத்த தவறு.

சவூதி 2011இல் தியாவை உயர்த்தியது. தெரியாமல் நேர்ந்த சாவுக்கு 3 லட்சம் ரியால், வேண்டுமென்று செய்த கொலைக்கு 4 லட்சம் ரியால். அமீரகத்தில் 2 லட்சம் திர்ஹம். சாலை விபத்துப் போன்ற வழக்குகளில் நீதிமன்றம் விதிப்பது இந்த அளவில்தான் இருக்கும்.

கிசாஸ் தீர்ப்பு வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க வாரிசுகள் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு உச்சவரம்பு கிடையாது. ரஹீம் வழக்கில் கேட்ட ஒன்றரைக் கோடி ரியால், 3 லட்சம் என்ற அரசுத் தொகையைப் போல 50 மடங்கு. அமீரகத்தில் 2012இல் நடந்த கார் விபத்தில் சூடான் நாட்டுச் சிறுவன் இறந்ததற்காக மரண தண்டனை பெற்ற திருச்சூர்க்காரர் ஒருவர் 2021இல் ஊர் திரும்பினார். அவருக்காகத் தொழிலதிபர் யூசுப் அலி கட்டியது 5 லட்சம் திர்ஹம், நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்.

பணம் இருந்தாலும் வாங்க மறுக்கும் உரிமையும் வாரிசுகளுக்கு உண்டு. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று யேமனில் இருக்கும் பாலக்காட்டுச் செவிலியர் நிமிஷா பிரியா வழக்கில் சிக்கல் இதுதான். அவருடைய தாய் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்கி, 2024 ஏப்ரலில் யேமன் தலைநகர் சனாவுக்கே போனார். 2025 ஜூலை 16 என்று குறித்த தண்டனை நாள் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. பணம் தரத் தயாராக ஆட்கள் இருந்தும், இறந்தவரின் சகோதரர் மன்னிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டால் எந்தத் தூதரகமும் அதற்குமேல் வற்புறுத்த வழியில்லை.

வாரிசு யார் என்பதையும் ஆரம்பத்திலேயே பட்டியலாக எழுதிக்கொள்ள வேண்டும். தாய், தகப்பன், துணை, பிள்ளைகள். சவூதியில் பின்பற்றப்படும் ஹன்பலி என்ற இஸ்லாமியச் சட்ட மரபில், வயதுவந்த வாரிசுகளில் ஒருவர் மன்னித்தாலும் கிசாஸ் விழுந்துவிடும். மற்றவர்களுக்குத் தியாவில் பங்கு போகும். ஆகவே முகம் கொடுத்துப் பேசாத மூத்த மகனையே சுற்றி வராமல், தாயாரைப் பார்க்க அந்த ஊர்ப் பெரியவர்கள் மூலம் வழி தேடலாம். வாரிசுகளில் சிறுவர் இருந்தால் அவர் வயதுக்கு வரும்வரை தண்டனை நிற்கும். பத்துப் பதினைந்து ஆண்டு கூட ஆகலாம். சிறையில் இருப்பவருக்கு அது நரகம்தான். வெளியில் இருப்பவர்களுக்கு அது பேசிப் பார்க்கக் கிடைத்த காலம்.

தஞ்சாவூரிலிருந்து மலப்புரத்துக்கு

குவைத்தில் 2013இல் மலப்புரத்துக்காரர் ஒருவர் கொலையானார். மரண தண்டனை பெற்றவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தொழிலாளி. அவர் மனைவி போய் நின்ற வாசல் குவைத்தில் இல்லை, கேரளத்தில் இருந்தது. இறந்தவரின் குடும்பம் அங்கேதான் இருந்தது. பேசி முடிந்த தொகை 30 லட்சம் ரூபாய். அந்தப் பெண்ணால் புரட்ட முடிந்தது 5 லட்சம். கேரள முஸ்லிம் சமூகத் தலைவர்களில் ஒருவரான பாணக்காடு முனவ்வர் அலி ஷிஹாப் தங்ஙள் பொறுப்பெடுத்து மீதியைத் திரட்டிக் கொடுத்தார். 2017இல் இறந்தவரின் மனைவி மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஒருவர் கணவனை இழந்தவர், இன்னொருவர் கணவனை இழக்கும் நிலையில் இருந்தவர். தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இங்கேயும் கவனியுங்கள்: உயிர் மீண்டது, பொது உரிமை நின்றது.

பணம் போகும் வழி

மன்னிப்புக்குச் சம்மதம் கிடைத்த பிறகு வேலை முழுக்கத் தாள்களில்தான். வரிசை மாறினால் பணமும் போகும், ஆளும் வர மாட்டார்.

1. முதலில் எழுத்து. தொகை, நாணயம், கெடு, பணம் கிடைத்ததும் தனி உரிமையை முழுவதும் விட்டுக்கொடுப்பதாக வாக்குமூலம், எல்லாம் அரபியில் இருக்க வேண்டும். ரஹீம் வழக்கில் கெடு ஆறு மாதம். வாரிசுகள் சார்பில் வக்கீல் பேசினால், சமரசம் செய்யவும் பணம் பெறவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்று அவருடைய வக்காலா என்ற அதிகாரப் பத்திரத்திலேயே தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். பொதுவான அதிகாரப் பத்திரத்தை நீதிமன்றம் ஏற்காமல் திருப்பிவிடலாம்.

2. வசூலுக்குத் தனி வங்கிக் கணக்கு, பலர் கையெழுத்து, அன்றாடக் கணக்கு வெளியீடு. ரஹீம் குழு ஒரு செயலியில் வரவை எல்லோரும் பார்க்கும்படி வைத்து, இலக்கு எட்டியதும் வசூலை நிறுத்தியது. மக்கள் நம்பிக் கொடுத்ததற்கு அது பெரிய காரணம்.

3. இந்தியாவிலிருந்து தூதரகம் வழி. கோடிகளைத் தனியாள் கணக்கில் அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. வெளியுறவு அமைச்சகத்தின் வழியாக அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகும்.

4. தூதரகம் நீதிமன்றத்தின் பெயரில் காசோலை எடுக்கும். குடும்பத்தின் கையிலோ இடைத்தரகர் கையிலோ ஒரு ரியால்கூட ரொக்கமாகப் போகக் கூடாது. "நான் ஷேக்கைத் தெரிந்தவன், முன்பணம் கொடுங்கள்" என்று வருகிறவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: நீதிமன்றத்தில் கட்டுகிறோம்.

5. வாரிசுகளோ அவர்களின் வக்கீலோ நீதிபதி முன் வந்து விட்டுக்கொடுத்ததைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் மரண தண்டனை ரத்து ஆணை வரும்.

செலவுக் கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போகும். ஒன்று, எதிர்த்தரப்பு வக்கீலின் கட்டணம். ரஹீம் வழக்கில் அது தொகையில் 5 சதவீதம், அதாவது 7.5 லட்சம் ரியால். இன்னொன்று நாணய மாற்று. ஒன்றரைக் கோடி ரியாலுக்கு ரூபாய் மதிப்பு 10 காசு மாறினாலே 15 லட்சம் ரூபாய் வித்தியாசம். இலக்கைச் சரியான தொகைக்கு வைக்காமல் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

கைதான முதல் மாதம்

பெரும்பாலான குடும்பங்கள் மரண தண்டனைச் செய்தி வந்த பிறகுதான் ஓடத் தொடங்குகின்றன. அதற்குள் பாதி வழக்கு முடிந்திருக்கும்.

இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 மே மாதம் வீட்டு வேலைக்காகச் சவூதி போனார். போன சில நாளில், அவர் பால் கொடுத்த நாலு மாதக் குழந்தை இறந்தது. பிறப்புச் சான்றிதழ்படி அவருக்கு அப்போது 17 வயது. முகவர் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட்டில் 23. நீதிமன்றம் பாஸ்போர்ட்டை நம்பியது. முதல் வாக்குமூலம் எடுக்கையில் வக்கீல் இல்லை. மொழிபெயர்த்தவர் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2007இல் தண்டனை வந்தபோது மேல்முறையீட்டுக்கு இருந்தது 30 நாள். வக்கீல் கட்டணத்தை மனித உரிமை அமைப்பினர் திரட்டிக் கொடுத்துத்தான் மனு போனது. குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது. பொய்யான பிறந்த தேதி, மொழி தெரியாத வாக்குமூலம், கைநழுவும் கெடு. இந்த மூன்றும் இன்றும் அப்படியே நடக்கின்றன.

கெடுக்கள் நாட்டுக்கு நாடு வேறு. சவூதியில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். அமீரகத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள். இந்தோனேசியாவில் வெறும் 7 நாள். 2025 ஏப்ரலில் அங்கே 106 கிலோ போதைப்பொருள் வழக்கில் மூன்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மரண தண்டனை விதித்தபோது, மேல்முறையீட்டுக்கு உதவக் கேட்டு குடும்பத்தினர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது அதனால்தான்.

ஆகவே முதல் மாதத்தில் கையில் இருக்க வேண்டியவை:

1. பாஸ்போர்ட் நகல், இகாமா (வசிப்பு அனுமதி) எண், விசாவின் வகை, கஃபீலின் (வேலைக்கு எடுத்த பொறுப்பாளரின்) பெயரும் தொலைபேசி எண்ணும்.
2. வழக்கு எண், காவல் நிலையம், சிறையின் பெயர். கைதி தொலைபேசியில் பேச முடிந்தால் முதலில் கேட்க வேண்டியது இது. அழுகைக்கு அடுத்த அழைப்பில் நேரம் இருக்கும்.
3. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ். மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் அதன் பழைய சீட்டுகள்.
4. உள்ளூர் வக்கீலுக்கு அதிகாரப் பத்திரம். ஒரு நாட்டின் ஆவணச் சான்றை மற்ற நாடுகள் ஏற்கும் அபோஸ்டில் உடன்பாட்டில் சவூதி 2022 டிசம்பர் முதல் இருப்பதால் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரை செல்லும். உடன்பாட்டில் சேராத நாடு என்றால் டெல்லியில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும், அரபி மொழிபெயர்ப்பும் வேண்டும்.

புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் கேள் என்பதைக் கைதியிடம் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள்.

தூதரகம் எவ்வளவு தூரம் வரும்?

1963ஆம் ஆண்டு வியன்னா உடன்பாட்டின் 36ஆம் பிரிவுப்படி, கைதானவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் போக வேண்டும். தூதரக அதிகாரி சிறையில் பார்க்கலாம், கடிதம் வாங்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். தீர்ப்பில் தலையிட முடியாது.

நடைமுறையில் தூதரகம் தானாகவே எல்லாம் செய்யும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். அதே மனுவைத் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள். மனுவில் உருக்கத்தை விட வழக்கு எண்ணும் குறிப்பான கோரிக்கையும் வேலை செய்யும். "எங்கள் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்" என்பதற்குப் பதில், "இந்தச் சிறையில் இவரைச் சந்தித்து, தீர்ப்பு நகலை வாங்கி, இந்தத் தேதிக்குள் மேல்முறையீட்டுக்கு வக்கீல் தரவும்" என்று எழுதுங்கள். இந்திய சமூக நல நிதி என்று ஒவ்வொரு தூதரகத்திலும் ஒன்று உண்டு. வக்கீல் கட்டணம், சிறு அபராதம், விமானச் சீட்டு ஆகியவற்றுக்கு அதில் கேட்கலாம். தியாத் தொகையை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

தகவல் வரும் என்றும் நம்பியிருக்க முடியாது. உத்தரப் பிரதேசத்துப் பெண் ஒருவருக்கு அபுதாபியில் 2025 பிப்ரவரி 15 அன்று மரண தண்டனை நிறைவேறியது. இந்தியத் தூதரகத்துக்கு அதிகாரபூர்வமாகச் சொன்னது பிப்ரவரி 28. மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டு நீதிமன்றம் போன தகப்பனுக்கு, மார்ச் 3 அன்று அங்கேதான் அது தெரியவந்தது.

வாரிசே இல்லாத வழக்குகள்

போதைப்பொருள், உளவு, அரசுக்கு எதிரான குற்றம் என்றால் மன்னிக்க ஒரு குடும்பம் கிடையாது. தியா என்ற பேச்சுக்கே இடமில்லை. மேல்முறையீடு, இல்லாவிட்டால் ஆட்சியாளரின் மன்னிப்பு. கத்தாரில் 2022 ஆகஸ்டில் கைதான இந்தியக் கடற்படை முன்னாள் வீரர்கள் எட்டுப் பேருக்கு 2023 அக்டோபரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. டிசம்பரில் மேல்முறையீட்டில் அது சிறைத் தண்டனையாகக் குறைந்தது. 2024 பிப்ரவரி 12 அன்று கத்தார் ஆட்சியாளரான அமீரின் உத்தரவால் விடுதலை. அரசும் அரசும் நேரடியாகப் பேசிய வழக்கு அது. சாதாரணத் தொழிலாளிக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை. ரமலானையும் தேசிய நாளையும் ஒட்டி வரும் பொது மன்னிப்புப் பட்டியலுக்கு, பல மாதம் முன்பே தூதரகம் வழியாகப் பெயர் கொடுத்து வைக்கலாம்.

இந்தியச் சிறைக்கு மாற்றம்

இந்தியாவில் கைதிகள் தாயகம் திரும்பும் சட்டம் 2003இல் வந்தது. சவூதி, அமீரகம், கத்தார், குவைத் ஆகிய நாடுகளோடு ஒப்பந்தம் உண்டு. நிபந்தனைகள்: தீர்ப்பு இறுதியாகி இருக்க வேண்டும், வேறு வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது, மரண தண்டனையாக இருக்கக் கூடாது, பொதுவாக ஆறு மாதமாவது தண்டனை மிச்சம் இருக்க வேண்டும், கைதி சம்மதிக்க வேண்டும், இரு நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் சிறையிலிருந்து தூதரகம், அந்த நாட்டு அரசு, இந்திய உள்துறை, பிறகு கைதியின் மாநில அரசு என்று நகரும். எந்த மேசையில் வேண்டுமானாலும் தேங்கும். மாற்றம் என்பது விடுதலை இல்லை; மீதித் தண்டனையைப் புழலிலோ திருச்சியிலோ கழிக்க வேண்டும். ஆனால் மாதம் ஒரு தடவை தாய் முகம் பார்க்கலாம், தமிழ் பேசலாம். பத்து ஆண்டு மிச்சம் உள்ளவருக்கு இது பெரிய ஆறுதல். ஓராண்டுதான் மிச்சம் என்றால் விண்ணப்பம் நகர்வதற்குள் தண்டனையே முடிந்துவிடும்.

தீர்ப்புக்கும் விமானத்துக்கும் நடுவில்

விடுதலை ஆணை வந்த அன்றே யாரும் விமானம் ஏறுவதில்லை. கைதி தர்ஹீல் என்ற நாடுகடத்தும் முகாமுக்குப் போவார். அங்கே கைரேகை வைத்துப் பார்ப்பார்கள். வங்கிக் கடன், கட்டாத அபராதம், ஓடிப்போனதாகக் கஃபீல் கொடுத்த பழைய புகார் என்று ஏதாவது ஒன்று பெயரில் இருந்தால் பயணத் தடை குறுக்கே நிற்கும். விடுதலைக்குச் சில மாதம் இருக்கும்போதே வக்கீலை விட்டு அந்தப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் காலாவதியாகி இருக்கும், இல்லாவிட்டால் கஃபீலிடம் தொலைந்திருக்கும். தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அவுட்பாஸ் என்று வளைகுடாவில் சொல்வது அதைத்தான். ஒருவழிப் பயணத்துக்கு மட்டுமே செல்லும், காலமும் குறைவு. அதற்கு ஊரில் இருக்கும் அடையாளச் சான்றுகளை முன்கூட்டியே தூதரகத்துக்கு அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து, தீர்ப்பில் அரபியிலிருந்து திரும்பி வந்த மூன்றாவது உச்சரிப்பு என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து முத்திரை வாங்கி வைத்தால், முகாமில் அந்த ஒரு எழுத்துக்காகக் காத்துக் கிடக்கும் நாட்கள் மிச்சம்.